தீபாவளி 'கில்லா' பொம்மைகள்: மாவளா வீரனின் வாள் ஏன் இவ்வளவு தடிமன்?

தீபாவளி நெருங்கினால் மும்பை சாள் வாசல்களில் பிள்ளைகள் மண்ணும் கல்லும் சாக்குத்துணியும் வைத்துக் கோட்டை கட்டுவார்கள். மராத்தியில் 'கில்லா'. உச்சியில் சத்ரபதி சிவாஜி, சரிவெங்கும் அவரது மாவளா வீரர்கள். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வளர்ந்த தமிழர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம கொலுவுக்கு இது பங்காளி மாதிரி.

பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் தலை பெரிசு, கை குட்டை, வாள் உலக்கை மாதிரி. கைத்திறன் போதவில்லையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 168 செ.மீ. உயர வீரனை 7 செ.மீ. பொம்மையாக்கினால் அளவு 24-ல் ஒரு பங்கு. 4 செ.மீ. அகல வாள், 1.7 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். களிமண்ணிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ அது அச்சைவிட்டு வரும்போதே ஒடிந்துவிடும். அதனால்தான் தடிமன்.

அடுத்தது அச்சு. முன்பாதி, பின்பாதி என இரண்டே துண்டு உள்ள கெட்டி அச்சில் உட்குழிவு வைத்தால் பொம்மை வெளியே வராது. எனவே கேடயம் மார்போடு ஒட்டும், கை விலாவோடு ஒட்டும். மீசை, பொட்டு, இடுப்புக்கச்சை எல்லாம் தூரிகையின் வேலை.

வெளிநாட்டில் உலோகத்தில் வார்க்கும் 28 மி.மீ. போர்வீரர் பொம்மைகளிலும் இதே தந்திரம் உண்டு. தலையையும் கையையும் ஆயுதத்தையும் வேண்டுமென்றே பெரிதாக்குவார்கள். அதற்கு 'ஹீரோயிக்' அளவு என்றே பெயர். மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு அதுதான் சரியாகத் தெரியும்.

என் குறை வேறு இடத்தில். கடைப் பொம்மைகள் பெரும்பாலும் ஒரே சீருடையில், வாளோ ஈட்டியோ ஏந்தி நிற்கின்றன. சிவாஜியின் காலாட்படையில் துப்பாக்கி வீரர்களும் இருந்தார்கள். கொங்கணத்து ஹெட்கரிகள் அதற்கே பேர்போனவர்கள். கையில் ஒரு திரித்துப்பாக்கியை மாற்றி வைக்க, அச்சில் ஒரு கோடு போதும்.

கோட்டைக்கு மாதிரி தேடுகிறீர்களா? 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தா கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. 1677-ல் சிவாஜி பிடித்தது. பிறகு 1690 முதல் 1698 வரை முகலாய முற்றுகையைத் தாங்கியது. மூன்று குன்றுகள், சுற்றிலும் மதில். சாக்குத்துணியில் கட்டுவதற்கு ராய்கட்டைவிடச் சுலபம்.