சோறும் பங்கும்

திருக்கடையூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆயுளை வேண்டி வருகிறார்கள். அறுபது நிறைந்தவர்களுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்தவர்களுக்குச் சதாபிஷேகம் என்று முகூர்த்த நாட்களில் கோயில் நிறைந்து வழியும். எமனைச் சிவன் காலால் உதைத்து மார்க்கண்டேயனைக் காத்த தலம், அட்ட வீரட்டங்களில் ஒன்று என்பதே காரணம். அந்தக் கதையில் எல்லோருக்கும் நினைவில் நிற்பது பாசக்கயிறும், சிறுவன் கட்டிக்கொண்ட லிங்கமும்தான். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளை வரம் கேட்டுத் தவமிருந்த மிருகண்டு முனிவரிடம் இறைவன் இரண்டு பிள்ளைகளைச் சொல்லி, எது வேண்டும் என்று கேட்கிறார். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் முதல் பிள்ளையை விவரமாகவே வருணிக்கிறது: அறிவு இருக்காது, வாய் பேசாது, காது கேளாது, கால் முடம், கண்ணும் இல்லை, நோய் விடாது, குணமும் தீயது, ஆனால் நூறு ஆண்டு இருப்பான். இரண்டாவது பிள்ளைக்கு அழகும் அறிவும் பக்தியும் எல்லாம் உண்டு. ஆயுள் மட்டும் பதினாறு. முனிவர் இரண்டாவதையே கேட்டு வாங்குகிறார். இன்று ஊரில் சுருக்கிச் சொல்லும் வடிவத்தில் முதல் பிள்ளை வெறும் ‘மூடன்’ ஆகிவிடுகிறான். தேர்வு மட்டும் மாறவில்லை.

கதை பக்தியைப் பற்றியது, உடல் குறையைப் பற்றியதல்ல. பின்னால் எமன் வருவதற்கு ஆயுள் குறைய வேண்டும், அதற்காக எதிரே ஒரு கெட்ட பிள்ளையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. கந்தபுராணம் யாரையும் இழிவுபடுத்துவதற்காக எழுதப்பட்ட நூல் அல்ல. ஆனால் பழைய சமூகம் ஒன்றின் மனத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு, ஒரு நூல் வாதாடி நிறுவும் செய்தியைவிட, வாதாடவே தேவையில்லை என்று அது விட்டுவிடும் செய்திதான் பெரிய சான்று. கண்ணும் காதும் இல்லாத பிள்ளை நூறு ஆண்டு வாழ்வதைவிட, குறையற்ற பிள்ளை பதினாறு வயதில் சாவது மேல் என்பதைக் கேட்பவருக்கு விளக்க வேண்டிய அவசியமே புலவருக்கு எழவில்லை. உடல் குறையோடு தீய குணத்தையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதும் அவருக்கு உறுத்தவில்லை. இந்த எண்ணம் கச்சியப்பரோடு தொடங்கியதும் அல்ல. அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 28-ஆம் பாட்டில், பார்வையின்மை, கூன், குறள், ஊமை, செவிடு, பித்து உள்ளிட்ட எட்டு வகைப் பிறப்புகளை அடுக்கி, அவற்றால் பயன் ஏதும் இல்லை என்கிறார். தன் கருத்தாகக்கூட அல்ல, அறிந்தவர்கள் முன்பே சொல்லிவைத்ததாகச் சொல்கிறார். ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடலும் கூன், குருடு, செவிடு இல்லாமல் பிறப்பதை அரிய பேறாகவே எண்ணுகிறது.

பயனில்லை என்று முடிவுகட்டிவிட்ட உடலை வேடிக்கை பார்ப்பது எளிது. திருக்கடையூருக்குப் பக்கத்தில் இருக்கும் பூம்புகாரை மணிமேகலை காட்டும்போது, கந்தலும் அலரி மாலையும் அணிந்து தெருவில் அரற்றித் திரியும் பித்தன் ஒருவன் வருகிறான். அவன் பின்னால் கூட்டம் கூடி நின்று பார்க்கிறது. அரண்மனைகளில் கூனரும் குறளரும் ஏவலராக இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கலித்தொகையின் 94-ஆம் பாட்டில் அப்படிப்பட்ட ஒரு கூனியும் ஒரு குறளனும் காதலிக்கிறார்கள். ஒருவர் உடலை ஒருவர் எள்ளி, ஏசி, பிறகு இணைகிறார்கள். அந்தப் பாட்டில் உயிர் இருக்கிறது, அந்த இருவருக்கும் நாவன்மை இருக்கிறது. ஆனால் மற்றக் காதலர்கள் பேசும் கண்ணியமான மொழி அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் காதல் சிரிப்பதற்காகப் படைக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தச் சிரிப்புக்கு ஒரு தனி நாடக வகையே அமைந்தது. நொண்டி நாடகத்தில் கள்வன் ஒருவன் தாசியிடம் பொருளை இழந்து, குதிரை திருடப்போய் அகப்பட்டுக் காலை இழப்பான். ஒற்றைக் காலால் நொண்டிக்கொண்டே மேடையில் சிந்து பாடித் தன் கதையைச் சொல்வான். கடைசியில் தெய்வ அருளால் கால் வளர்ந்துவிடும். திருச்செந்தூர் நொண்டி நாடகத்துக்கும் சீதக்காதி நொண்டி நாடகத்துக்கும் அமைப்பு இதுதான். சீதக்காதி நாடகத்தில் கால் திரும்பக் கிடைக்கும் இடம் மக்கா. சமயம் மாறினாலும் கதையின் எலும்புக்கூடு மாறவில்லை: குறை என்பது குற்றத்துக்குத் தண்டனை, அது இருக்கும்வரை சிரிக்கலாம், அருள் வந்தால் போய்விடும்.

இகழ்ச்சியைக் கண்டித்த கதைகளும் இதே மண்ணில் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைப் பேசுவது நேர்மையாகாது. பெரியபுராணத்தின் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர், திருவாரூர்க்காரர். தூர்ந்து சுருங்கிய கோயில் குளத்தைத் தாமே தோண்டத் துணிகிறார். குழியில் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டுகிறார். பார்வையற்ற ஒருவர் தன் வேலைக்குத் தானே வழி வகுத்துக்கொண்டதை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும் பழைய பகுதி தமிழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். அவரை எள்ளியவர்கள், கண்தான் இல்லை, காதும் இல்லையா என்று கேட்டுக் கயிற்றையும் தறியையும் பிடுங்கிப் போடுகிறார்கள். சேக்கிழார் அந்த இழிசெயலின் கொடுமையை உணர்ந்தே பாடியிருக்கிறார். ஆனால் கதை எப்படித் தீர்கிறது? தண்டியடிகளுக்குக் கண் தெரிகிறது. எள்ளிய சமணர்கள் கண் இழக்கிறார்கள். சமயப் பூசலின் நிறம் இதில் தூக்கலாக இருப்பதால், சமணர்கள் உண்மையில் இப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது. கவனிக்க வேண்டியது முடிவைத்தான். கயிற்றைத் திருப்பிக் கட்டிக் கொடுத்து, பார்வையற்றவராகவே அவர் குளத்தை வெட்டி முடித்தார் என்று கதை போகவில்லை. பார்வையின்மை அங்கே எதிரிக்குக் கொடுக்கும் தண்டனையாக வந்து நிற்கிறது. திருக்கடையூரிலேயே அபிராமி பட்டர் கதையும் இப்படித்தான். முதலாம் சரபோஜி (1712–1728) வந்தபோது, அம்பாள் தியானத்தில் இருந்த பட்டர் தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார்; பித்தர் என்று ஊர் அவரை ஏற்கெனவே ஏளனம் செய்துவந்தது. வானத்தில் நிலவு தோன்றியதும் அவர் பித்தர் அல்லர் என்பது நிலைநாட்டப்பட்டது. உண்மையாகவே மனம் பேதலித்த ஒருவரை அந்த ஊர் எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கதையில் இடமே இல்லை. புகாரில் கூனரும் ஊமையரும் தொழுநோயாளரும் மூழ்கி எழுந்து குறை நீங்கிய பொய்கையைச் சிலப்பதிகாரம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஏளனத்துக்கு நம் இலக்கியம் தந்த மருந்து, பெரும்பாலும் ஏளனத்துக்கு ஆளானவரைக் குறையற்றவராக ஆக்கிக் காட்டுவதுதான்.

இரக்கம் இல்லாமல் போகவில்லையே, ஆபுத்திரன் கண் தெரியாதவரையும் காது கேளாதவரையும் கால் முடமானவரையும் தேடிக் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத்தானே உண்டான் என்று கேட்கலாம். உண்மை. மணிமேகலையின் அந்தப் பகுதி தமிழின் உயர்ந்த இடங்களில் ஒன்று. பொறி இல்லாமை யாருக்கும் பழியல்ல என்று குறளும் (618) சொல்லியிருக்கிறது. சோறு போடும் மனம் இங்கே எப்போதும் இருந்தது. கொடுக்காமல் வைத்துக்கொண்டது பங்கை. மனுவும் மிதாட்சரமும் வகுத்த வாரிசு முறையில் பார்வையற்றவர், காது கேளாதவர், வாய் பேசாதவர், பித்தர், தொழுநோயாளர் ஆகியோருக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. உயிருள்ளவரை சோறும் துணியும் உண்டு. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் இதை இந்துச் சட்டமாகவே நடத்தின. சில குறைகள் பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினாலும் அடிப்படையை விட்டுவிடவில்லை. 1928-இல் வந்த சட்டம்தான், பிறவிப் பித்தும் பிறவி அறிவுக் குறையும் தவிர மற்றக் குறைகளுக்காகப் பங்கை மறுக்கக் கூடாது என்றது. எந்த நோய்க்காகவும் எந்தக் குறைக்காகவும் மறுக்கக் கூடாது என்று ஆனது 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில். காவிரிப் படுகை போன்ற நஞ்சை நாட்டில் இதன் பொருள் சிறியதல்ல. அங்கே மனிதரின் மதிப்பு வேலிக்கணக்கில் அளக்கப்பட்டது. சபையில் குடவோலைக்குப் பெயர் எழுத, இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டே சொல்கிறது. சாத்திரம் எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் எழுத்துப் பிசகாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. மூப்பனும் அண்ணனும் நல்லவர்களாக இருந்த வீடுகள் பல இருந்திருக்கும். ஆனால் அண்ணனின் நல்ல மனத்தை நம்பி உண்கிறவர், ‘நொண்டி’ என்று கூப்பிட்டால் திரும்பித்தான் பார்க்க வேண்டும். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்ற பழமொழி அந்த வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும்போது அது உவமையாக இருக்காது.

பங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் வரலாற்றில் சான்று இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, பார்வையற்றவர்கள் பதினாறு பேர் திருப்பதியம் பாடுவதற்கும், அவர்களுக்கு வழிகாட்டும் இருவருக்கும் நிவந்தம் ஏற்படுத்தியதைச் சொல்கிறது. இந்தப் பதினாறு பேரும் வாசலில் கையேந்தியவர்கள் அல்லர், பணியாளர்கள். அவர்களுக்குக் கண் திறக்க வேண்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கண் தெரிந்த இருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினால் வேலை நடக்கும் என்று கண்டுகொண்டார்கள். ஒரு கோயில் நிர்வாகம் அன்றே எட்டிய தெளிவு இது. பாடுவது மட்டும் விதிவிலக்கு, கலைத் திறமை உள்ள சிலருக்குத்தானே இது பொருந்தும் என்று கேட்டால், பதினாறு பேரும் மேதைகளாக இருந்திருக்க முடியாது என்பதே பதில். மேதைகளுக்கு எப்போதும் வழி கிடைத்திருக்கிறது: முடவரும் பார்வையற்றவருமான இரட்டைப் புலவர்கள், அந்தகக்கவி வீரராகவ முதலியார், புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904). திருவாமாத்தூரின் சிறப்பு, சராசரிப் பார்வையற்றவருக்கும் அங்கே ஒரு இடமும் ஊதியமும் இருந்ததில்தான்.

இன்னும் ஒரு தடை உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது: முற்பிறவி வினை. இதைப் பழங்கதை என்று விட முடியாது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் பேச வந்த ஒருவர், கை கால் இல்லாமலும் கண் இல்லாமலும் பிறப்பதற்குப் போன பிறவிப் பாவமே காரணம் என்று மாணவிகளிடம் சொன்னார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து அதை எதிர்த்தார். பேசியவர் பிறகு கைதானார். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, பொது இடத்தில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நம்பிக்கையைச் சொன்னதற்குச் சிறையா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. தன் வினையைப் பற்றி ஒருவர் என்ன நம்புகிறார் என்பது அவர் பாடு. அதை எதிரே நிற்கும் இன்னொருவர் உடலின் மேல் தீர்ப்பாக எழுதும்போது, பங்கு மறுக்க நூற்றாண்டுகளாகப் பயன்பட்ட அதே காரணத்தைத்தான் மீண்டும் எடுக்கிறார். அந்த ஆசிரியர் எழுந்து நிற்க முடிந்ததற்கு அவருடைய துணிவு முதற்காரணம். அவர் அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர் என்பது இரண்டாவது காரணம். ஆபுத்திரனின் பாத்திரத்தில் உண்டவர்களுக்கு அந்த இரண்டாவது கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், ஊராட்சிகளிலும் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நியமனம் தேர்தல் ஆகாது. ஆனாலும் தெருவிளக்கும் வாய்க்காலும் பேருந்து நிறுத்தமும் பேசப்படும் மேசையில் ஒரு நாற்காலி அவர்களுக்கு உண்டு என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இனி அந்த நாற்காலிவரை ஏறிப்போகச் சாய்தளம் இருக்கிறதா, காது கேளாத உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரா, பார்வையற்றவர் கையில் தீர்மானத்தின் நகல் அவர் படிக்கும் வடிவில் வருகிறதா என்பதை ஒவ்வொரு ஊராட்சியிலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.