இருதய வால்வும் அரசாங்க மானியமும்



புதுச்சேரிக்கு வடக்கே கடலோரச் சாலையில் உள்ள பொம்மையார்பாளையம் என் ஊர். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் சரித்திரம் போதித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். சரித்திர ஆசிரியனுக்கு இருதயத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசர்கள் ஏரி வெட்டியதற்கும் கோயிலுக்கு நிலம் விட்டதற்கும் கல்வெட்டைத் தேடிப் படிக்கிறோம். நம் காலத்து அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணத்தை எவ்விதம் கொடுத்தது, எத்தனை காலம் பொறுத்திருந்தது என்பதும் சரித்திரமே அல்லவா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1986ஆம் ஆண்டில், என் வகுப்பில் மீனவர் ஒருவரின் மகள் படித்தாள். காலை வணக்கத்தின்போது நிற்க மாட்டாமல் தூணைப் பிடித்துக்கொள்ளுவாள். தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டுகளை வீங்கச் செய்து, இருதயத்தின் கதவுகளாகிய வால்வுகளைக் கெடுத்துவிடும் ருமாட்டிக் காய்ச்சல் அவளுக்குச் சிறு வயதில் வந்திருந்தது. நெருக்கமான குடிசைகளில் வாழும் ஏழைக் குழந்தைகளையே அது அதிகமாகத் தேடி வரும். வால்வை மாற்ற வேண்டும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். விலையையும் சொன்னார். கட்டுமரத்தையும் வலையையும் சேர்த்து விற்றாலும் அதில் கால் பங்கு தேறாது என்று அவள் தந்தை என்னிடம் வந்து சொன்னார். அடுத்த மார்கழியில் அவள் இறந்துபோனாள்.

அதே ஆண்டுகளில், திருவனந்தபுரத்துப் பூஜப்புரையில், ஒரு பழைய அரண்மனைக்குள் சிலர் அந்த வால்வைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

செயற்கை வால்வு அமெரிக்காவில் பிறந்த பொருள். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் அறுவை மருத்துவரும், லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் சேர்ந்து செய்த வால்வு மனித இருதயத்தில் வெற்றியாகப் பொருத்தப்பட்டது. எட்வர்ட்ஸ் அப்பொழுது அறுபது கடந்தவர், ஓய்வு பெற்றவர். என் போன்றோருக்கு இது தெம்பு தரும் செய்தி!

நம் நாட்டில் கதை வேறு விதமாகத் தொடங்கிற்று. 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் மருத்துவமனைக்கென ஒரு கட்டடத்தைக் கேரள மக்களுக்கு அளித்தார்கள். முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆட்சி அது. இளம் இருதய அறுவை மருத்துவரான எம். எஸ். வலியத்தான் தலைமையேற்க, 1976இல் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வால்வு, இரத்தப் பை முதலிய எல்லாவற்றையும் கப்பலில் எதிர்பார்த்திருந்தால் ஏழைக்கு வைத்தியம் இல்லை என்பதை அவர் கண்டார். அரச குடும்பத்தாரின் சாட்டல்மண்ட் அரண்மனையில், மருத்துவரும் பொறியாளரும் ஒரு கூரையின்கீழ் வேலை செய்யும் தொழில்நுட்பப் பிரிவு எழுந்தது. 1980இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைத் தேசிய முக்கியத்துவம் உடையதாக்கி, மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின்கீழ்க் கொண்டுவந்தது.

இந்தச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம், மானியம் ஆண்டுதோறும் போனது ஒரு நிலையத்துக்கு. ஒரு தனித் திட்டத்துக்கு அன்று. அதன் பொருளைப் பாருங்கள். வால்வின் முதல் மாதிரி தேறவில்லை. இரண்டாவதும் தேறவில்லை. நீலக்கல் வட்டு பொருத்திய மாதிரியும் கைவிடப்பட்டது. மூன்று தோல்விகளுக்குப் பின்னரும் அதே மனிதர்கள் அதே மேசைக்கு மறுநாள் வந்தார்கள். நான்காவது மாதிரியில், கோபால்ட் கலப்புலோகத்தை ஒரே துண்டாகக் கடைந்து கூடு செய்தார்கள். அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் வட்டு. சுற்றிலும் தைப்பதற்குப் பாலியஸ்டர் வளையம். உலோகத்தில் பிளாஸ்டிக் மோதுவதால் மூடும் ஓசையும் மெதுவானது. விரைவுச் சோதனை இயந்திரத்தில் அது 36 கோடி முறை திறந்து மூடியும் தாங்கிற்று. இருதயம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை துடிக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1990 டிசம்பரில் அந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1995 ஜனவரிக்குள் ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். பின்னர்ச் சென்னையின் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரிக்க, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒருவர் அதனோடு கடலுக்குப் போய் வருகிறார்.

பிறகு பணம் கொடுக்கும் முறை மாறிற்று. 1986இல் உயிரித் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறை அமைந்தது. 2012இல் அத்துறை பைராக் என்னும் நிறுவனத்தை நிறுவி, புதிய கருத்துடையோர்க்கு 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாத காலத்துக்கு மானியம் தந்தது. விஞ்ஞானப் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்துக்கு 2008இல் சட்டம் வந்தது; 2023இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அதன் இடத்தைப் பெற்றது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி என்று அறிவித்தபோதே, பெரும்பகுதி அரசுக்கு வெளியே தொழில் துறையினரிடமிருந்தும் கொடையாளரிடமிருந்தும் வர வேண்டும் என்றார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய முறையில், பெரிய நிலையத்துக்குள் இடம் கிடைத்தவர்க்கே பணம். எங்கள் பக்கத்துக் கல்லூரியில் இருக்கும் இளம் விரிவுரையாளருக்குத் தட்டுவதற்குக் கதவே இல்லை. இப்பொழுது கதவு இருக்கிறது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் உடலுக்குள் வைக்கும் கருவிக்கு 18 மாதம் என்பது, விதைத்த மறுவாரமே கதிரறுக்க வரச் சொல்வதுபோல் எனக்குப் படுகிறது. முதல் மாதிரிக்குப் போதும். மூன்றாவது தோல்விக்குப் போதாது.

என் பழைய மாணவன் ஒருவன் பொறியியல் கல்லூரியில் பணியாற்றுகிறான். கால் இழந்தோர்க்கு மணலில் புதையாத செயற்கைப் பாதம் ஒன்றை, எங்கள் ஊர்க் கடற்கரையிலேயே நடக்க வைத்துப் பார்க்கிறான். மானியத்துக்கு விண்ணப்பம் எழுதி, படித்துப் பார்க்கும்படி என்னிடம் கொண்டுவந்தான். தமிழில் பிழை திருத்திப் பழகிய கையால் அவன் ஆங்கிலத்தில் இரண்டொரு பிழைகளைத் திருத்தினேன்.

“பணம் தீர்ந்த பிறகு பாதம் உடைந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டேன்.

“மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதுதான், ஐயா” என்றான்; பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.