வால்பாறைக் கிறிஸ்தவர்களின் ஜெப வாழ்வு

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 64 கி.மீ. தொலைவில், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ளது வால்பாறை. 1890களில் ஆனைமலைக் காடுகளை அழித்து இங்கே தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். அந்தக் காலத்து மலேரியாவையும் சாவுகளையும் தோட்ட மருத்துவர் பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' நாவலாக எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. இன்று இந்த எஸ்டேட்டுகளில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொஸ்தே சபையார் என எல்லாப் பிரிவினரும் உண்டு.

தமிழ் ஜெபத்தின் வரலாறு மலையில் தொடங்கியதல்ல, கடலோரத்தில் தொடங்கியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அடிப்படை ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து, கைமணி அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறியது ஞானோபதேசம் சொல்லத்தான்.

தோட்டத்தில் ஜெபத்தின் முதல் இடம், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லைன் வீடு. கொழுந்து பறித்துத் திரும்பி, குளித்து, உலை வைத்த பிறகு குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி, வீட்டுப் பெரியவரின் ஜெபம். கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொல்கிறது மத்தேயு 6ஆம் அதிகாரம். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் லைனில் அது முடிகிற காரியமில்லை. கடனும் மகளின் கல்யாணமும் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும். அதில் ஒரு நன்மையும் உண்டு: விண்ணப்பம் கடவுளை எட்டியதோ இல்லையோ, அடுத்த வீட்டுக்காரரை நிச்சயம் எட்டிவிடுகிறது.

வீட்டு ஜெபக்கூட்டமும் உபவாச ஜெபமும் இதன் விரிவு. யானையும் சிறுத்தையும் நடமாடும் பகுதியில் இருட்டிய பின் லைன் விட்டு லைன் நடப்பது ஆபத்து. ஆகவே, கூட்டம் நீளாமல் பார்த்துக்கொள்வது இங்கே பக்திக் குறைவல்ல, பிழைக்கும் புத்தி. கத்தோலிக்கரிடம் செபமாலையும் நவநாளும் முதன்மை பெறுகின்றன. கருமலை வேளாங்கண்ணி மாதா ஆலயத்துக்குப் பிற சமயத்தாரும் வருவார்கள். தாய்த் திருத்தலமான வேளாங்கண்ணியின் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை; வால்பாறையில் அது தென்மேற்குப் பருவமழைக் காலம்.

ஜெபத்தின் வல்லமை என்றதும் சுகமளிக்கும் கூட்டங்களே பலருக்கு நினைவுக்கு வரும். டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008) தொடங்கிய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தின் பெதஸ்தா ஜெப மையம் இதே கோவை மாவட்டத்தில், காருண்யா நகரில் உள்ளது. ஆனால் வேதாகமம் கேட்டதெல்லாம் கிடைத்த கதையல்ல. கெத்செமனேயில் இயேசு நீங்கும்படி கேட்ட துன்பப் பாத்திரம் நீங்கவில்லை. பவுல் மூன்று முறை வேண்டியும் அவர் மாம்சத்தில் இருந்த முள் அகலவில்லை. இரண்டு இடத்திலும் மாறியது சூழ்நிலையல்ல, அதைத் தாங்கும் பலம். அமெரிக்காவில் 1,802 இதய அறுவை நோயாளிகளை வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வு, முன்பின் அறியாதவர்கள் செய்த பரிந்துரை ஜெபத்தால் சிக்கல்கள் குறையவில்லை என்றது. தனக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எஸ்டேட் ஜெபமோ முன்பின் அறியாதவர் செய்வதல்ல. ஜெபிக்க வந்தவர்தான் மறுநாள் கஞ்சி கொண்டுவருவார், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கும் போவார்.

ஆகையால் ஜெபத்தைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். மூன்றாம் நற்செய்தியை எழுதியவராகத் திருச்சபை மதிக்கும் லூக்கா ஒரு வைத்தியர்.