பாதிரியார் இல்லமும் ஜொகூர் அரசும்

ஜொகூர் வரலாற்றைப் பயில்வோர், நீரிணைக்கு அக்கரையில் சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு பாதிரியார் குடும்பத்தை மறத்தலாகாது. ஐதராபாத்தில் பிறந்த பெஞ்சமின் கீஸ்பெரி 1837 இல் மனைவியோடு சிங்கப்பூர் வந்தார். மலாய்ச் சிறுவர் தங்கிப் பயிலப் பள்ளி அமைத்தார். எழுத்தோடு அச்சுத்தொழிலும் நூல் கட்டுதலும் கற்பித்தார்.

அவருக்கு மலாய் கற்பித்தவர் முன்ஷி அப்துல்லா. இவர் முன்னோர் நாகூரில் வாழ்ந்தவர்; இவரும் மலாக்காவில் தமிழ் பயின்றவரே. இவர்தம் வாழ்க்கை வரலாறு 1849 இல் கீஸ்பெரியின் அச்சகத்தில் அச்சேறியது.

1842 இல் சீனத் துறைமுகங்கள் திறக்கப்பட்டபின், இலண்டன் மிஷனரிச் சங்கம் தன் பணியைச் சீனத்துக்கு மாற்றியது. கீஸ்பெரியோ போகவில்லை. 1847 இல் சங்கத்தினின்று விலகி, அச்சக வருவாயால் குடும்பத்தையும் பள்ளியையும் காத்தார்.

அப்பள்ளியில் பயின்ற அபு பக்கார் 1862 இல் ஜொகூர் ஆட்சியை ஏற்றார். 1885 இல் சுல்தான் ஆனார். கிறித்தவரிடம் கற்றும் அவர் இசுலாமியராகவே வாழ்ந்தார். மதம் மாறியோரை எண்ணினால் கீஸ்பெரியின் பணி சிறிதாகத் தோன்றலாம். கல்வியை எண்ணினால் அது பெரிது. அயல்நாட்டில் கற்பிக்கச் செல்வோர் முதலில் அம்மண்ணின் மொழிக்கு மாணவராதல் வேண்டும் என்பதே அவ்வில்லம் நமக்குப் புகட்டும் பாடம்.