சிடேட்டா பகுதி

எக்ஸ்எம்எல் ஆவணத்துக்குள் நிரல்வரிகளைச் சிதையாமல் வைக்க உதவும் உறை. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரையிலேயே இது உண்டு.

'அ<ஆ && ஆ<இ' என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிபந்தனையை வெறுமனே எழுதினால், ஆவணத்தைப் படிக்கும் பார்சர் '<ஆ' என்பதைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொள்ளும்; தமிழ் எழுத்திலும் குறிச்சொல்லுக்குப் பெயரிடலாம் என்பதால் வரும் வினை இது. '&' வந்தாலோ, அடுத்து ஒரு குறியீட்டுப் பெயரை எதிர்பார்த்து அங்கேயே நின்றுவிடும். ப்ளாகர் 2006இல் எக்ஸ்எம்எல் வார்ப்புருவுக்கு மாறியபின், நிரல்துண்டுகளை அதில் ஒட்டிய தமிழ் வலைப்பதிவர்களும் இந்தச் சிக்கலைச் சந்திக்க நேர்ந்தது.

சிடேட்டா உறைக்குள் இருப்பதெல்லாம் வெறும் எழுத்தாகவே கொள்ளப்படும். ']]>' வந்ததும் உறை மூடிக்கொள்ளும். 'அ[ஆ[0]]>5' என்ற ஒப்பீடு இதில் அறியாமல் சிக்கும். '>'க்கு முன் ஓர் இடைவெளி விட்டால் போதும். அதே ஆவணத்தை உலாவி எச்டிஎம்எல்லாகப் படிக்கவும் கூடும் என்பதால், உறையின் தொடக்க, முடிவு வரிகளை '//' இட்டு நிரலின் கண்ணிலிருந்து மறைப்பது வழக்கம். குறிப்புரைக்குள் நிரலை ஒளிக்கும் பழைய உத்தி இங்கே ஆகாது. பார்சர் அதைத் தூக்கி எறிந்துவிடலாம்.

உறை இலக்கணப் பிழையைத்தான் தடுக்கும். பயனர் உள்ளிடும் தீய நிரலை அது தடுக்காது.