அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமே ஒரு சகோதரர்கள் கதைதான். மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன காட்டில் கண்டனைப் புலி அடித்துவிடுகிறது. அது தெரியாமல் தேடி அலைந்த வில்லி களைத்துப்போய்த் தூங்க, பெருமாள் கனவில் வந்து நடந்ததைச் சொல்லி, காட்டைத் திருத்திக் கோயில் கட்டச் சொல்கிறார். வில்லி உண்டாக்கிய புத்தூர் வில்லிபுத்தூர் ஆனது. மல்லி என்ற ஊர் இன்றும் சிவகாசி போகிற வழியில் இருக்கிறது. அதே வில்லிபுத்தூரில்தான் பிறகு ஆண்டாள் வந்தாள். உடன்பிறந்தவனை இழந்த கதையும், மனிதனை மணக்க மாட்டேன் என்ற காதல் கதையும் ஒரே ஊருக்குச் சொந்தம். ஆனால் இரண்டும் எங்கேயும் உரசிக்கொள்வதில்லை.

அவற்றை உரசவிட்டது தமிழ் சினிமா. ஒரு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு பேருக்கும் காதல் வருகிறது, என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நம்ம ஆட்கள் எண்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. சகோதரர்கள் இரட்டையர் என்றால் பெரும்பாலும் காமெடி வருகிறது. மூத்தவன், இளையவன் என்று வயது வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் தியாகம் வருகிறது, கண்ணீர் வருகிறது. ஏன் இப்படி?

பதில் தியேட்டரில் இல்லை, வயக்காட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூமாப்பட்டியை 2025இல் ரீல்ஸ் வழியாக ஊரே தெரிந்துகொண்டது. பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, பிளவக்கல் அணை, தென்னந்தோப்பு. அந்த முப்பது விநாடியில் வராத ஒன்று உண்டு. எங்கள் பக்கம் ஒரு தோப்பு என்றால் அதற்குள் ஒரு கிணறு, அந்தக் கிணற்றில் அண்ணனுக்கு இன்ன கிழமை, தம்பிக்கு இன்ன கிழமை என்று தண்ணீர் முறை. அப்பா காலத்தில் ஒரே நிலமாக இருந்தது மகன்கள் காலத்தில் நடுவே ஒரு வரப்பு விழுந்து இரண்டாகும். பேரன்கள் காலத்தில் வரப்பே நிலத்தில் பாதியைத் தின்றுவிட்டதோ என்று தோன்றும். எப்போது பிரிப்பது என்ற பேச்சு அனேகமாக ஒரு கல்யாணத்தை ஒட்டித்தான் எழும். புதுசாக ஒரு மருமகள் வருவாள், தனி அடுப்பு வரும், அப்புறம் சர்வேயர் சங்கிலியோடு வருவார். ஊர் என்ன சொல்லும்? "அவ வந்தா, அண்ணந்தம்பி பிரிஞ்சாங்க." பிரிவுக்குக் காரணம் ரெண்டு ஏக்கரில் ரெண்டு குடும்பம் பிழைக்க முடியாததுதான். பழி மட்டும் அவள் தலையில்.

அதனால்தான் நம்ம ஊரில் ஒரு தம்பியின் காதல் அவன் ஒருவனின் விஷயமாக இருந்ததே இல்லை. முதலில், மூத்தவனுக்கு முடியாமல் இளையவனுக்குப் பேச முடியாது. அடுத்து, யார் வந்தாலும் சொத்துக் கணக்கு மாறும். 1959இல் பீம்சிங் இயக்கத்தில் சிவாஜி நடித்த படத்துக்குப் பெயரே 'பாகப்பிரிவினை'. பத்திர ஆபீஸ் வார்த்தையைத் தலைப்பாக வைத்து ஒரு குடும்பப் படம் ஓடுகிறது என்றால், அந்த வார்த்தை அன்றைக்கு எத்தனை வீடுகளில் புழங்கியிருக்க வேண்டும்!

இப்போது இரட்டையர்களைப் பார்ப்போம்.

தமிழில் இரட்டை வேடத்தைத் தொடங்கி வைத்த படம் 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்'. பி.யு. சின்னப்பா இரண்டு வேடம். பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் படம் பிடித்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பக்கத்தை எடுக்கிற காலம் அது. 1958இல் சிவாஜியை வைத்து பிரகாஷ் ராவ் அதே பெயரில் மறுபடி எடுத்தார், கதை வசனம் ஸ்ரீதர். இரண்டிலும் சண்டை சிம்மாசனத்துக்கு. சிம்மாசனத்தை வரப்பு போட்டுப் பிரிக்க முடியாது. அதனால் ஒருவன் சாக வேண்டும். இரட்டையர் கதை நம்மிடம் காமெடியாகப் பிறக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதைக் காமெடிப் பக்கம் திருப்பிய பெரிய படம் 1965 பொங்கலுக்கு வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'. முந்தைய வருஷம் தெலுங்கில் வந்த 'ராமுடு பீமுடு'வின் தமிழ் வடிவம், இயக்கம் சாணக்யா. சின்ன வயதில் பிரிந்துபோன இரட்டையர், ராமு, இளங்கோ. சொத்துள்ள ராமு அக்கா புருஷனின் சாட்டைக்கு நடுங்குகிறவன். இளங்கோ யாருக்கும் பயப்படாதவன். இருவரும் தெரியாமல் இடம் மாறுகிறார்கள். பணக்கார வீட்டு லீலாவுக்கு இளங்கோவின் தைரியம் பிடித்துப்போகிறது. ஏழை வீட்டு சாந்தாவுக்கு ராமுவின் சாதுத்தனம் பிடித்துப்போகிறது. யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தங்களுக்குள் மூத்தவன் இளையவன் இல்லாததால் வரிசை இல்லை, வரிசை இல்லாததால் கடனும் இல்லை. சொத்தைச் சுரண்டுகிறவனும் தம்பி இல்லை, மச்சான்காரன். பங்காளிச் சண்டையை மெல்ல மாமன் மச்சான் சண்டையாக மாற்றி, அண்ணன் தம்பியைக் காப்பாற்றிவிட்டார்கள்.

1981இல் பாலசந்தர் 'தில்லு முல்லு'வில் இன்னும் ஒரு படி போனார். இந்தி 'கோல்மால்' கதைதான். முதலாளியிடம் மாட்டிக்கொண்ட ரஜினி, மீசை இல்லாத ஒரு தம்பியைக் கற்பனையில் உண்டாக்குகிறார். முதலாளி மகள் அந்த இல்லாத தம்பியைக் காதலிக்கிறாள். பங்கு கேட்கவே முடியாத தம்பி! அண்ணன்களின் கனவுத் தம்பி இவன்தான்.

1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' இதன் உச்சம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், நான்கு கமல். ஐ.டி. பாஷையில் சொன்னால் ஒரே கிளாஸில் இருந்து நான்கு ஆப்ஜெக்ட். நான்கும் நான்கு வீட்டில் வளர்கின்றன. திருடனிடம் ஒன்று, பணக்காரரிடம் ஒன்று, பாலக்காட்டுச் சமையல்காரரிடம் ஒன்று, தீயணைப்புப் படையில் ஒன்று. மதனுக்கு சக்குபாய், ராஜுவுக்கு ஷாலினி, காமேஸ்வரனுக்குத் திரிபுரசுந்தரி. திருட்டுப் பிழைப்பில் வளர்ந்த மைக்கேலுக்கு மட்டும் ஜோடி கிடையாது. நான் பல தடவை சிரித்துச் சிரித்துப் பார்த்த படம்தான், ஆனாலும் அந்தக் கணக்கு உறுத்தும். நான்கு பேரும் ஒரே முகம், ஒரே ரத்தம். காதல் கிடைப்பதும் கிடைக்காததும் எந்த வீட்டில் வளர்ந்தான் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

1998இல் ஷங்கரின் 'ஜீன்ஸ்' அந்தப் பழைய பயத்தை வெளிப்படையாகவே பேசியது. நாச்சியப்பனும் பேச்சியப்பனும் இரட்டையர். இருவர் வீட்டுக்கும் வந்த மனைவிமார் பிரச்சினையில் குடும்பம் உடைந்துபோனது. அதனால் நாச்சியப்பன் தன் இரட்டைப் பிள்ளைகளுக்கு இரட்டைப் பெண்களைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறார். ஐஸ்வர்யா ராய்க்கு இல்லாத ஒரு தங்கையை உண்டாக்கவேண்டி வருகிறது. 'தில்லு முல்லு'வின் இல்லாத தம்பி இங்கே இல்லாத தங்கையாகிவிட்டான். இந்த முறை அந்த இல்லாத பெண்ணை ஒருவன் உண்மையாகவே காதலித்துவிடுகிறான். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருது வாங்கிய படம். உலக அதிசயங்களின் முன்னால் ஆடினாலும், அடியில் ஓடுவது நம்ம வரப்புத் தகராறுதான். அண்ணன் தம்பி பிரியாமல் இருக்க என்ன வழி? ஒரே மாதிரிப் பெண்களைக் கொண்டுவா. அடுத்த வருஷமே எஸ்.ஜே. சூர்யாவின் 'வாலி', இரட்டையரில் ஒருவன் மற்றவன் மனைவிக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று காட்டி, இந்தச் சிரிப்பை நிறுத்தியது.

வயது வித்தியாசமுள்ள சகோதரர்கள் பக்கம் வந்தால் காற்றே மாறிவிடும். விக்ரமனின் 'வானத்தைப் போல' (2000) படத்தில் விஜயகாந்த், தம்பிகளுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன். எங்கள் மாவட்டத்து வசந்தபாலன் விருதுநகர்ப் பின்னணியில் எடுத்த 'வெயில்' (2006) படத்தில், ஓடிப்போய் எல்லாவற்றையும் இழந்து திரும்புகிற அண்ணன், தம்பிக்காக உயிரையும் கொடுக்கிறான். மூத்தவன் என்பது பதவி இல்லை, அது ஒரு கடன் பத்திரம் என்று இந்தப் படங்கள் நம்பின.

சிவா இயக்கிய 'வீரம்' (2014) இரண்டையும் கலந்தது. அஜித்தும் நான்கு தம்பிகளும். கல்யாணம் ஆனால் ஒற்றுமை போய்விடும் என்று அண்ணனுக்குப் பயம். தம்பிகளுக்கோ ரகசியக் காதல். வரிசையை மீறத் துணிச்சல் இல்லாத தம்பிகள், வரிசையை நகர்த்த அண்ணனையே காதலிக்க வைக்கச் சதி செய்கிறார்கள். அடிதடிப் படம் என்று பெயர், முதல் பாதி முழுக்க ரொமாண்டிக் காமெடி. தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாவற்றிலும் எடுத்தார்கள். அந்தப் பயம் ஒட்டன்சத்திரத்துக்கு மட்டும் சொந்தமில்லை போல.

இத்தனை படங்களிலும் நான் தேடிக் கிடைக்காத ஒரு ஆள், பங்குக்கு உரிமையுள்ள சகோதரி. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் ஒரு அக்கா உண்டு, ஆனால் சாட்டையும் சாவியும் அவள் புருஷன் கையில். மற்றப் படங்களில் பெரும்பாலும் அவள் பிறக்கவே இல்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989இல், நாடு முழுக்க வந்தது 2005இல். நான்கு கமல் திரைக்கு வரும்போது அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. எங்கள் பக்கத்தில் சீர் செய்தாச்சு, நகை போட்டாச்சு என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கையிடம் கையெழுத்து வாங்குவது இன்னமும் நடக்கிறது. வாங்குகிற அண்ணன்களில் பலர் பாசக்காரர்கள்தான், அதில் சந்தேகமில்லை. கையெழுத்துப் போடுகிறவளும் பாசத்தில்தான் போடுகிறாள். போடாவிட்டால் தீபாவளிக்குப் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அண்ணன் தம்பி சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையில் பொய் இல்லை. அதை நம்பித்தான் இந்தப் படங்கள் ஓடின, நாமும் கைதட்டினோம். ஆனால் அந்த ஒற்றுமையின் செலவை வந்த பெண் பழியாகவும் பிறந்த பெண் பங்காகவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்து யாராவது ஒரு அண்ணன் தம்பி காமெடி எழுதினால், முதல் காட்சியிலேயே ஒரு தங்கச்சியை வைக்கட்டும். அவளும் யாரையாவது காதலிக்கட்டும். கிணற்று முறையில் அவளுக்கும் ஒரு கிழமை கேட்கட்டும். அதை வைத்து எப்படிச் சிரிக்க வைப்பது என்று கண்டுபிடிக்கிறவர்தான் அடுத்த கிரேஸி மோகன்.