பத்மினி என்னும் பெயர்

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லத்தில் பெண் மகவு பிறந்தால், முதலில் எழுவது பெயர் பற்றிய வழக்கே. திருவனந்தபுரத்தில் நம்முடன் பணிபுரியும் தமிழர் ஒருவர் தம் மகளுக்குப் ‘பத்மினி’ என்று பெயரிட விரும்பினார். அவருடைய தாயாரோ, “தாமரைப்பூ என்பதுதானே பொருள்? தமிழிலேயே தாமரை என்று வைத்தால் என்ன?” என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றல்ல. வடமொழியில் பத்மம் என்பது மலர். பத்மினி என்பது தாமரைகளை உடையது, அதாவது தாமரைக்கொடி அல்லது தாமரைத் தடாகம். அமரகோசம் இதனை நளினி என்னும் சொல்லோடு சேர்த்து உரைக்கிறது. 1540 அளவில் மாலிக் முகம்மது ஜாயசி அவதி மொழியில் இயற்றிய காவியத்தால், சித்தோர் அரசி பத்மினியின் பெயர் வடநாட்டில் புகழ்பெற்றது. தமிழகத்தில் இப்பெயரை வீடுதோறும் அறியச் செய்தவர், 1932 இல் இந்நகரில் பிறந்து, 1968 இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஆடிய பத்மினி ஆவார்.

இந்நகருக்கும் இப்பெயருக்கும் உள்ள உறவு அதனினும் பழையது. இங்குப் பள்ளிகொண்ட பெருமான், உந்தியில் தாமரை பூத்த பத்மநாபன். நம்மாழ்வார் தமிழில் பாடிய இறைவன். கோயிலை அடுத்துள்ள குளத்தின் பெயரே பத்மதீர்த்தம்.

ஆயினும் அம்மூதாட்டியின் மனக்குறை வேறு. பேத்தியின் பெயரோடு தமிழும் வீட்டைவிட்டு அகன்றுவிடுமோ என்று அவர் அஞ்சினார். அவ்வச்சத்திற்கு அகராதியில் விடை இல்லை. முடிவில், பதிவேட்டில் பத்மினி என்றும் வீட்டில் தாமரை என்றும் இரு பெயர்களும் நிலைத்தன. தடாகத்தில் மலருக்கு இடமில்லாமலா போகும்?